போட்டோ கிணறு

சைதாப்பேட்டையில் ஆற்றோரக் குப்பத்தின் நடுவே ஒரு கிணறு இருக்கிறது. அதை வெட்டிக் கொடுத்த மயிலாப்பூர்ச் சபையார் வைத்த பெயர் கைப்பிடிச் சுவரில் கல்லில் செதுக்கியிருக்கிறது. குப்பத்தில் யாருக்கும் எழுத்து தெரியாததால் அந்தப் பெயர் கல்லைவிட்டு இறங்கவில்லை. படம் விற்ற பணத்தில் வந்த கிணறு என்பதால் எல்லோருக்கும் அது போட்டோ கிணறு.

தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. கோடையிலும் வற்றுவதில்லை, உப்புக் கரிப்பதில்லை. விடிந்ததும் ராட்டினம் கிரீச்சிட ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை ஓயாது. அந்தக் கிணறு வந்த பிறகு குப்பத்தில் வாந்திபேதி குறைந்தது என்பதும் உண்மை. உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

தேவானை மட்டும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றைத் தாண்டி ஆற்றுக்குள் இறங்குவாள். மணலைக் கையால் தோண்டுவாள். ஊற்றுக் கசிந்ததும் கொட்டாங்கச்சியால் மொண்டு கலங்கலை வெளியே இறைப்பாள். பிறகு தெளியும்வரை குந்தியிருப்பாள். புதிதாகக் குப்பத்துக்கு வந்தவர்கள் அதைத் திமிர் என்றார்கள். பழையவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கிணற்றுக்காக விற்ற படம் தேவானையின் படம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று பெயர் வைத்து மனை போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தேவானை அங்கே சித்தாள் வேலைக்குப் போய்வந்தாள். அவள் புருஷன் தணிகாசலம் கட்டை வண்டி வைத்திருந்தான். ஆற்று மணலை அள்ளி அதே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவான். ஒரே மகள் கோடம்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். தேவானை கறுத்து உயர்ந்த பெண். அவளிடம் இருந்த ஒரே ஆடம்பரம் நெற்றிப்பொட்டு. ஒரு காலணா அகலத்துக்குக் குங்குமத்தைக் குழைத்து வைத்துக்கொண்டு வருவாள். சாரத்தின் மேலிருந்து கொத்தனார்கள் பூச்சுக் கரணையை ஆட்டிக் கேலி செய்வார்கள்.

"டேய், சிக்னல் வெளக்கு வருதுடா. மாம்பலம் ரயிலு நின்னுடப் போவுது!"

"நிக்கட்டும். உன் கரணைய எடுத்துக்கினு நீ அதுல ஏறிப் போயிரு" என்பாள் தேவானை, சாந்துச் சட்டியைத் தலையிலிருந்து இறக்காமலே.

அப்போதெல்லாம் குப்பம் முழுவதும் ஆற்று ஊற்றைத்தான் நம்பியிருந்தது. பெரிய தெருக் கிணற்றில் அவர்கள் வாளி விடக்கூடாது. ஒரு கோடையில் வாந்திபேதி வந்து வரிசையாகக் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. குப்பத்துப் பெரியதனக்காரர் மண்ணாங்கட்டியின் பேத்தியும் அதில் போனாள். செய்தி மயிலாப்பூர் வரை போய், அங்கே ஒரு தர்ம சபை கூடியது. சபையின் காரியதரிசி ஸ்ரீனிவாசராகவன். வீடு வீடாகப் போய்க் கையேந்துவது அவருக்குப் பிடிக்காது. கொடுக்கிறவர் கையில் பதிலுக்கு ஒரு பொருள் இருக்கவேண்டும், அதுவும் சுவரில் மாட்டக்கூடிய அழகான பொருளாக இருக்கவேண்டும் என்று நினைத்தார். அப்படித்தான் படக் கண்காட்சி என்ற யோசனை வந்தது. கோயில் குளம், கட்டுமரம், மழைநாள் லஸ் முனை என்று பெரிய மனிதர்கள் பொழுதுபோக்காக எடுத்த படங்கள் நிறையக் கிடைத்தன. கிணறு யாருக்காக வெட்டப்போகிறார்களோ, அவர்களுடைய படம் ஒன்றுதான் இல்லை. அதை எடுத்துவர ஒரு மயிலாப்பூர் ஸ்டுடியோவில் வேலை பார்த்த இனாயத்தை அனுப்பினார்கள்.

இனாயத்துக்குக் குப்பம் புதிதல்ல. அடுத்த தெருவில்தான் அவன் வீடு. அவன் அம்மா ஜைதூன் பீ ரம்ஜான் மாதம் முழுவதும் தேவானைக்கு ஒரு சொம்பு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாள். அவனுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தேவானை அவனுக்கு அக்கா. வேறு யாராவது அந்தப் போட்டோப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் அவள் அதன் முன்னால் நின்றிருக்கமாட்டாள்.

"அக்கா, கொடத்த இடுப்புல வச்சிக்கினு ஆத்தையே பாத்துக்கினு நில்லு. சிரிக்காத."

"சிரிக்காம நிக்க நான் இன்னா பொணமாடா?"

"தருமத்துக்குக்கா. இந்தப் படத்த வித்து உங்களுக்குக் கெணறு வெட்டப் போறாங்க. மாமா, நீயும் பக்கத்துல வந்து நில்லு மாமா."

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த தணிகாசலம் இரண்டடி பின்னால் நகர்ந்தான். "வேணாம்பா. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும். எங்க நைனாவ ஒரு தொரை நிக்க வச்சிப் புடிச்சான். அந்த ஐப்பசிய அவரு தாண்டல."

"அப்ப எனக்குக் கொறஞ்சா பரவால்லியா?" என்றாள் தேவானை.

"உனுக்கு ஆயுசு ஜாஸ்திமே. கொஞ்சம் கொறஞ்சா நான் தாங்கிப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தேவானையும் சிரித்துவிட்டாள். இனாயத் தலையில் அடித்துக்கொண்டு, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தான். அடங்கிய கணத்தில் அவள் முகத்தில் ஒரு களைப்புத் தெரிந்தது. காலையிலிருந்து வெயிலில் சாந்து சுமந்த களைப்புதான், வேறொன்றுமில்லை. அதை அவன் பிடித்துக்கொண்டான். தணிகாசலம் படத்துக்கு வெளியே, மாட்டின் பக்கத்தில் பத்திரமாக நின்றான்.

மழைக்காலம் முடிந்ததும் கிணறு வெட்ட ஆட்கள் வந்தார்கள். படங்கள் நன்றாக விற்றன என்றும், அதிலும் தேவானையின் படத்தைக் கேட்டு வாங்கினார்கள் என்றும், மேலும் பிரதி போட்டு விற்றார்கள் என்றும் குப்பத்துக்குச் செய்தி வந்தது. கடப்பாறை முதல் குத்துக் குத்தியபோது மண்ணாங்கட்டி தேவானையைக் கூப்பிட்டு முன்னால் நிற்கவைத்தார். தண்ணீர் காணுமுன்பே போட்டோ கிணறு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த நாட்களில் அவள் பொட்டு இன்னும் கொஞ்சம் அகலமாகியிருந்தது என்று சொல்வார்கள்.

அந்தச் சமயத்தில் தியாகராய நகரில் சுப்பராமன் என்ற வக்கீல் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தேவானை அங்கே சித்தாள். மணல் தணிகாசலத்தினுடையது. ஒருநாள் மத்தியானம் வக்கீல் மனைவி சூடாமணி வேலையாட்களுக்கு மோர் ஊற்ற வந்தவள் தேவானையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"ஏண்டி, செத்த இப்படி வா. உள்ள வரவேண்டாம், அந்த நிலைகிட்ட நின்னுண்டு பாரு."

கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்கு எதிர்ப்புறம், கண்ணாடி போட்ட பெரிய படம் மாட்டியிருந்தது. ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சு அசல் உன் ஜாடை! உன் அக்காவா, தங்கையா? எங்காத்துல இந்தப் படத்த மாட்டினதுலேருந்து எனக்குச் சோறே எறங்கலை, போ. பாவம், இந்த வயசுல ஆம்படையான் போயிட்டானாமே. கீழ என்ன எழுதியிருக்கா தெரியுமோ? 'கைம்பெண்ணின் காலிக்குடம்'னு."

தேவானை பார்த்தாள். குடம் அவளுடையது, அதன் கழுத்தில் இருந்த நசுங்கல்கூடத் தெரிந்தது. புடவை அவளுடையது. முகமும் அவளுடையதுதான். ஆனால் நெற்றி கழுவித் துடைத்த கருங்கல்லைப் போலிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு இல்லை. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. கயிறு இருந்தது.

பின்னால் மணல் கூடையோடு தணிகாசலம் நின்றிருந்தான். அவனும் பார்த்துவிட்டான். எழுதியிருந்ததைச் சூடாமணி படித்துச் சொன்னதையும் கேட்டுவிட்டான்.

"மணல எங்கம்மா கொட்டணும்?" என்று மட்டும் கேட்டான்.

அன்று மாலை அவள் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றப் போனபோது அவன் தட்டை நகர்த்தினான்.

"பொணத்துக்கு இன்னாமே கொழம்பு?"

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாதுய்யா. நான் பொட்டோடதான் நின்னேன். நீதான் அங்கியே நின்னுக்கினு இருந்தியே, பாக்கல?"

"நான் நின்னேன். படத்துல இல்லியே. படத்துல நான் செத்துக்கீறேன்." அவன் குரலில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "அதுல நின்னா ஆயுசு கொறையும்னு ஒதுங்கினேன். ஒதுங்கினவனப் புடிச்சு மொத்தமா முடிச்சிட்டீங்களேடி. எவன் கேட்டான்? கேட்டவன் முன்னால நீ பொட்ட அழிச்சியா?"

அவள் எத்தனையோ சொன்னாள். அவனுக்கு ஒரே கேள்விதான். கண் முன்னால் நடந்தது ஒன்று, கண்ணாடிக்குள் இருப்பது ஒன்று, எதை நம்புவது? கண்ணாடிக்குள் இருப்பதை ஊரே நம்புகிறது. அன்றிலிருந்து அவன் வண்டிக்கு அடியில் படுத்தான். அவள் கையால் சாப்பிடவில்லை. பெரிய தெருவில் இட்டிலிக் கடை வைத்திருந்த கிழவியிடம் சாப்பிட்டான். அவள் அவனைக் கூப்பிட்டால், "செத்தவன் காதுல விழுமா?" என்பான்.

தேவானை மயிலாப்பூருக்கு நடந்தாள். குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ. இனாயத் அவளைப் பார்த்ததும் முதலாளி காதில் விழாதபடி பின்கட்டுக்கு அழைத்துப் போனான். அவள் வந்த காரணத்தைக் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீயாடா செஞ்ச?"

அவன் ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்துவந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தான். அதில் எல்லாம் தலைகீழாக இருந்தது. கறுத்த முகம் வெளுத்திருந்தது, வெள்ளை வானம் கறுத்திருந்தது. நெற்றியிலும் கழுத்திலும் மெல்லிய சாம்பல் கீறல்கள், எறும்பு ஊர்ந்த தடம் போல.

"வெறும் பென்சிலுக்கா. மேல பூசினதுதான். டர்பன்டைன் தொட்டுத் தொடச்சா பொட்டும் கயிறும் அப்படியே வந்துரும். அடியில பத்திரமாத்தான் கீது."

"தொட."

அவன் தகட்டைக் கீழே வைத்தான். "காரியதரிசி அய்யருதான் சொன்னாரு. புருஷன் இருக்கறவ தண்ணிக்கு நின்னா அது வெறும் படம், இல்லாதவ நின்னாத்தான் அது தர்மத்துல போய்ச் சேரும்னாரு. அவரு சொன்னது சரியாத்தான்க்கா ஆச்சு. மத்த படமெல்லாம் ஒண்ணு ஒண்ணுதான் போச்சு. உன்னுது மட்டும் இன்னும் கேட்டுக்கினு கீறாங்க. இப்பத் தொடச்சா கெணறு பாதியில நின்னுரும். வாங்கினவங்க ஏமாத்திட்டீங்களேன்னு காசத் திருப்பிக் கேப்பாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டியேக்கா."

"அது தெரிஞ்சுதானே கேக்கல."

"கெணறு முடிஞ்சதும் நானே வந்து மாமாகிட்ட சொல்றேன். அம்மா மேல ஆணை" என்றான். அவள் அந்த வார்த்தையை நம்பினாள். நம்பாமல் திரும்பிப் போக அவளுக்கு வேறு வார்த்தை எதுவும் கையில் இல்லை.

கிணற்றில் தண்ணீர் கண்டது. கைப்பிடிச் சுவர் எழும்பியது. திறப்பதற்கு நாள் குறித்தார்கள். சபையாரும் படம் வாங்கியவர்களும் வருகிறார்கள் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். போகும்போது இன்னொன்றும் சொன்னான்: படத்தில் இருக்கும் அந்தக் கைம்பெண்ணை எல்லோரும் நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள்.

மண்ணாங்கட்டி தேவானையின் குடிசைக்கு வந்து, உள்ளே நுழையாமல் வெளியிலேயே குந்திக்கொண்டார்.

"ஒரு அரை நாழிதாம்மா. பொட்ட அழிச்சிட்டு, கயித்த ரவிக்கையில வுட்டுக்கினு, தலையக் குனிஞ்சு நின்னா போதும். அவங்க கும்பிட்டுட்டுப் போயிருவாங்க. அப்பால நீ வண்டிச் சக்கரம் அளவுக்குப் பொட்டு வச்சிக்க, யாரு கேக்கறது?"

"உம் பொஞ்சாதிய நிக்க வையேன்."

"அவ மூஞ்சி படத்துல இல்லியேம்மா." அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம் பேத்தி போனப்ப அந்த ஊத்துத் தண்ணியத்தான் கடைசியா வாயில ஊத்தினேன்" என்றார்.

தேவானை வாக்குக் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவர் போன பிறகு நெடுநேரம் யோசித்தாள். கிணறு வெட்டியாகிவிட்டது. வெட்டின கிணற்றை யாரும் மூடிவிட்டுப் போகமாட்டார்கள். அத்தனை பேர் கூடியிருக்கும் இடத்தில் பொட்டும் கயிறுமாகப் போய், நான்தான் அது, என் புருஷன் அதோ நிற்கிறான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். சபை பொய் சொன்னது என்று அவர்கள் வாயாலேயே ஒத்துக்கொள்ளட்டும். தணிகாசலம் அதைக் காதால் கேட்கட்டும். அதன் பிறகு அவன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வருவான். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

திறப்பு நாளன்று மாவிலைத் தோரணம் கட்டினார்கள். மயிலாப்பூர்க் கார்கள் குப்பத்துச் சந்தில் வர முடியாமல் தெருமுனையில் நின்றன. இனாயத் மூன்றுகால் பெட்டியைக் கிணற்றுக்கு எதிரே நிறுத்திவைத்திருந்தான். ஸ்ரீனிவாசராகவன் தர்மத்தைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார்; பேசும்போது அவர் கண் கலங்கியது, அது நடிப்பு அல்ல. பேச்சு முடியும் சமயத்தில் தேவானை வந்தாள். தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். நெற்றியில் காலணாவைவிடப் பெரிய குங்குமம். புது மஞ்சள் தடவிய கயிறு புடவைக்கு வெளியே கிடந்தது.

ஸ்ரீனிவாசராகவன் முகம் வெளிறியது. மண்ணாங்கட்டி கையைப் பிசைந்தார். முதலில் பேசியது சூடாமணிதான்.

"அட, இவளா? இவ எங்காத்துல வேலைக்கு வந்துண்டிருந்தவளாச்சே. அந்தப் படத்துல இருக்கறவளோட கூடப்பிறந்தவ! நான் அன்னிக்கே ஜாடை சொன்னேனே."

காரியதரிசிக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. "ஆமாம் மாமி, தங்கைதான்" என்றார். அவ்வளவு சீக்கிரம் சொன்னதால் அது அவருக்கே உண்மை போலத் தோன்றியிருக்கவேண்டும்.

"அக்கா எங்கே? அவளுக்குன்னு ஒரு புடவை கொண்டுவந்திருக்கேனே" என்று சூடாமணி பழுப்பு நிறத்தில் மடிப்புக் கலையாத ஒரு புடவையை எடுத்தாள்.

"நான்தாம்மா அது" என்றாள் தேவானை. "படத்துல கீறது நான்தான். எம் புருஷன் சாவல. அதோ கீறாரு. இனாயத்து, சொல்லுடா."

எல்லோரும் இனாயத்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"பாவம், அக்கா மேல உயிரா இருந்தவ. கலங்கிப் போயிருக்கா" என்றார் காரியதரிசி மெதுவாக.

சூடாமணி தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லப்பா. இவ ஆம்படையான் நீதானே? இவ அக்கா எங்கே?"

தேவானை அவனைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவனே பதில் சொல்லும் நேரம் வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். அவன் கிணற்றைப் பார்த்தான், மண்ணாங்கட்டியைப் பார்த்தான், சுற்றி நின்ற வெள்ளை வேட்டிகளைப் பார்த்தான். பிறகு தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அவ பூட்டாம்மா. வாந்திபேதியில."

சூடாமணி உச்சுக் கொட்டினாள். "அடப் பாவமே" என்று புடவையை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சுமங்கலிக்கு இதைக் கொடுக்கப்படாது."

தேவானை அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புருஷனைப் பொய்யன் என்று சொல்லவேண்டும். இல்லையென்றால் தான் செத்துவிட்டதாக ஒத்துக்கொள்ளவேண்டும். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் இனாயத்தின் குரல் கேட்டது. எல்லோரையும் கிணற்றைச் சுற்றி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ தணிகாசலத்தையும் இழுத்தார்கள்.

"நீயும் நில்லுப்பா. ஆயுசு கொறையும்னு பயமா?"

"செத்தவனுக்கு இன்னா ஆயுசு கொறையப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே அவன் போய் நின்றான். அவர்கள் சிரித்தார்கள். அந்தப் படத்தில் அவன் இரண்டாம் வரிசையில், மண்ணாங்கட்டிக்குப் பக்கத்தில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான்.

அன்று இரவு அவன் குடிசைக்குள் வந்தான். வெகு நாளைக்குப் பிறகு மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தில் பாரம் இறங்கிய தெளிவு இருந்தது.

"இன்னாமே, நானும் பூட்டேன், நீயும் பூட்ட. ரெண்டும் நேராச்சு. சோறு போடு."

அவள் போட்டாள். அவன் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"எதுக்கு அப்டிச் சொன்ன?"

"பின்ன இன்னா சொல்லச் சொல்ற? நீதான் அதுன்னா இத்தினி பேரு முன்னால உன்ன ஏமாத்துக்காரின்னுவாங்க. பொட்ட அழிச்சுக் காசு வாங்கினவன்னுவாங்க. அந்தப் பேரு உனுக்கு வேணாம்னுதான் சொன்னேன். ஒரு வார்த்தை. அதுல உனுக்கு இன்னா கொறஞ்சு போச்சு? இந்தா, நெத்தியில பொட்டு கீது, கழுத்துல கயிறு கீது, எதுத்தாப்புல நான் குந்திக்கினு கீறேன்."

அவன் மனசார அதைச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காரியதரிசி நினைத்ததும் நல்லதுதான். இனாயத் பென்சிலை எடுத்ததும் கிணற்றுக்காகத்தான். மண்ணாங்கட்டி கேட்டது செத்துப்போன பேத்திக்காக. புருஷன் சொன்னது அவள் பெயருக்காக. கெட்ட எண்ணத்தோடு யாரும் எதுவும் செய்யவில்லை. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் அவர் மேல் மண்ணை வாரித் தூற்றிவிட்டு அவள் தேறியிருப்பாள். இத்தனை நல்லவர்களும் சேர்ந்து அவளை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார்கள். திரும்பிப் போய்த் தேடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அவள் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள்.

ஜைதூன் பீ அனுப்பும் நோன்புக் கஞ்சியை அவள் எப்போதும்போல் வாங்கிக்கொண்டாள். கிழவி ஒன்றும் அறியாதவள். இனாயத் எதிரே வந்தால் தெருவை மாற்றிக்கொண்டாள். அவன் ஒரு தடவை தகட்டைத் துடைத்து, பொட்டும் கயிறுமாக ஒரு படம் போட்டுக் கஞ்சிச் சொம்போடு அம்மாவிடம் கொடுத்தனுப்பினான். சொம்பை வைத்துக்கொண்டு படத்தைத் திருப்பி அனுப்பினாள். துடைத்தது தெரியவேண்டியவர்களுக்கு இனி தெரியப்போவதில்லை. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் கூடத்துச் சுவர்களில் அவள் வெறும் நெற்றியோடுதான் நின்றுகொண்டிருந்தாள். நல்ல படம் அது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். இருக்கலாம்.

தணிகாசலத்தோடு சண்டை இல்லை. பேச்சு உண்டு, சோறு உண்டு, அவன் கேலிக்குச் சில சமயம் பதிலும் உண்டு. தண்ணீர் விஷயம் மட்டும் தீரவில்லை. எல்லோரும் கேட்கிறார்கள் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கோடையில், அவள் காய்ச்சலில் கிடந்து எழுந்த சமயம், அவன் அவளுக்கு முன்னால் எழுந்து கிணற்றில் ஒரு குடம் இழுத்துவந்தான். அவளுடைய குடத்தில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, ஆற்றுக்குப் போய்வந்தவனைப் போலக் காலில் கொஞ்சம் மணலையும் ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையைக் கீழே வைத்தாள்.

"இது எந்தத் தண்ணிய்யா?"

"ஊத்துத் தண்ணிதான்மே. காலப் பாரு, மணலு."

அவள் அவன் காலைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். கிணற்றங்கரையில் அன்று துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றானே, அதே முகம். இப்போதும் அவள் நல்லதுக்காகத்தான் சொல்கிறான்.

"நல்லா ருசியாத்தான் கீது" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், மாட்டுத் தொட்டியில் முழுவதையும் கவிழ்த்தாள். மாடு குடிக்க ஆரம்பித்தது. அவள் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் விட்ட காலில் மெதுவாக நடந்தாள். கிணற்றடியில் இருந்த பெண்கள் வழிவிட்டார்கள். அவர்களில் செண்பகம் என்ற புது மருமகள் ஒருத்தி, கதை தெரியாதவள், "இன்னாக்கா, இங்கியே ஒரு கொடம் இழுத்துத் தரட்டா? ஒடம்பு முடியாம எங்க போற?" என்று கேட்டாள்.

"உன் நல்ல மனசுக்கு நல்லா இரு தாயி" என்றாள் தேவானை. "இது செத்துப்போனவ பேர்ல வெட்டின கெணறு. நான் இன்னும் சாவல."

ஆற்றில் தண்ணீர் குறைந்திருந்தது. வழக்கமான இடத்தைவிடக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டவேண்டியிருந்தது. முழங்கை வரை உள்ளே போன பிறகுதான் மணல் ஈரமாயிற்று. கலங்கலை இறைத்துவிட்டுக் குந்தினாள். குழியில் தண்ணீர் மெல்ல ஊறியது. அது தெளியத் தெளிய, அடியில் ஒரு முகம் தெரிய ஆரம்பித்தது. நெற்றிப்பொட்டு நடுங்கி நடுங்கி ஒரு நிலைக்கு வரும்வரை அவள் கொட்டாங்கச்சியை உள்ளே விடவில்லை.